ஒரு ஹலோ சொல்லிப் பார்க்கலாமா?

போன் கடைக்குள் போனால் எதை வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். படம் எடுக்கலாம். விளையாட்டைத் திறந்து நாலு பேரைச் சுட்டுத் தள்ளலாம். ஒலியை முழுதாக வைத்துச் சினிமாப் பாட்டு கேட்கலாம். யாருக்காவது போன் போட்டுப் பேசிப் பார்க்க மட்டும் முடியாது. மேசையில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கும் மாதிரி போன் எதிலும் சிம் கிடையாது. பெட்டியில் இருக்கும் புதுப் போனின் சீலை உடைத்தால் அது நம் தலையில்தான். "ஒரு ஹலோ சொல்லிப் பார்க்கலாமா தம்பி?" என்று கேட்டேன். பட்டுப்புடவைக் கடையில் துவைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் அந்தப் பையன் என்னைப் பார்த்தான்.

நான் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சென்னை குரோம்பேட்டையில் வீட்டோடு பலகாரத் தொழில். கல்யாணச் சீருக்கு அதிரசம், கைமுறுக்கு, லட்டு, மைசூர்பாகு. தீபாவளி நெருங்கினால் கூடவே மிக்சரும் காராசேவும். விடிந்ததிலிருந்து என் கை மாவிலோ எண்ணெயிலோ பாகிலோதான் இருக்கும். ஆர்டரெல்லாம் போனில்தான் வரும். ஆக, கையால் தொடாமல் பேச வேண்டும். பேசியதை நாள், அளவோடு குறித்து வைத்து, வேண்டிய நேரத்தில் போன் என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். இந்த இரண்டு வேலையைச் செய்யும் போன் எது? இதைத்தான் கேட்டேன்.

"இது எடுத்துக்கோங்கம்மா. அம்பது எம்பி கேமரா. நூத்திருபது ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே. எட்டு ஜிபி ரேம், அதுக்கு மேல எட்டு ஜிபி வர்ச்சுவல்."

"வர்ச்சுவல்னா?"

"அது இல்லாத ரேம்மா. ஆனா இருக்கிற மாதிரி."

நேர்மையான பையன். ஆனால், "பேசினா எப்படிக் கேக்கும்?" என்றதும் அவனுடைய ஞானமெல்லாம் வற்றிவிட்டது. "எல்லாப் போன்லயும் பேசலாம்மா" என்றான்.

என்னை இன்றுவரை எரிய வைப்பது இந்த ஒரு வாக்கியம்தான். எல்லாப் போனிலும் படமும்தான் எடுக்கலாம். அதற்கு மட்டும் எத்தனை மெகாபிக்சல், எத்தனை லென்ஸ், ராத்திரியில் எப்படி, ஆட்டம் இல்லாமல் எப்படி என்று அரை மணி நேரம் வகுப்பு எடுக்கிறார்கள். பேசுவதற்கு வந்தால் "எல்லாப் போன்லயும்" என்று முடித்துவிடுகிறார்கள். யூடியூபில் போன் விமர்சனம் செய்யும் பிள்ளைகளும் இப்படித்தான். பெட்டியைத் திறப்பதற்கே ஐந்து நிமிடம், விளையாடிக் காட்டப் பத்து நிமிடம். கடைசியில் "கால் குவாலிட்டி டீசன்ட்டா இருக்கு" என்று ஒரு வரி. யாருக்கு டீசன்ட்? எந்தச் சத்தத்துக்கு நடுவில்? மிக்சி ஓடும்போதா, மெத்தென்ற அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதா?

எல்லாப் போனும் ஒன்றில்லை என்பது அந்தப் போனைக் கையில் வாங்கித் திருப்பினாலே தெரியும். அடியில் ஒரு பொட்டுத் துளை இருக்கும், அது நாம் பேசுவதை வாங்கும் மைக். மேல் விளிம்பில் இன்னொரு பொட்டுத் துளை இருந்தால் அது பெரும்பாலும் இரண்டாவது மைக். சுற்றுப்புறச் சத்தத்தைத் தனியாகக் கேட்டு, நம் குரலிலிருந்து கழிக்க உதவுவது அதுதான். என் அடுக்களையில் அடுப்பு இரையும், எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமும், இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள். எனக்கு அந்த இரண்டாவது துளை நான்காவது லென்ஸைவிட முக்கியம். விலைச் சீட்டில் அதைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

ஸ்பீக்கரில் போட்டால் இன்னொரு வம்பு. ஸ்பீக்கரிலிருந்து வரும் குரலை அதே போனின் மைக் திரும்பக் கேட்டு அனுப்பினால் எதிராளிக்குத் தன் குரலே எதிரொலிக்கும். அதைத் தடுக்க நல்ல போன்கள் கணக்குப் போட்டு எதிரொலியை மட்டும் கழிக்கின்றன. கழிக்கத் தெரியாத போன் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிவிடுகிறது. இரண்டு பேரும் சேர்ந்து பேசினால் ஒருவர் வார்த்தை நடுவில் காணாமல் போகும். நம் ஊரில் கல்யாண ஆர்டர் கொடுக்கும் குடும்பத்தில் எந்தக் காலத்தில் ஒருவர் மட்டும் பேசியிருக்கிறார்? பெண்ணின் அம்மா "அதிரசம்" என்பார், பின்னாலிருந்து அத்தை "நூத்தி இருபத்தொண்ணு" என்பார், போன் "நூத்தி"யை முழுங்கிவிடும். இருபத்தொன்றோடு சம்பந்தி வீட்டுக்குப் போய் நிற்பது யார்?

பழைய தொலைபேசிக் கணக்கில் குரலுக்கு ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். 4ஜி வந்து வோல்ட்இ என்ற பெயரில் பேச்சும் அதன் வழியே போக ஆரம்பித்தபின் 7000 ஹெர்ட்ஸ் வரை எட்டுகிறது. நேரில் பேசுவதற்குப் பக்கத்தில் கேட்கும். ஆனால் அதற்கு இரண்டு முனையிலும் போன் சரியாக இருக்க வேண்டும், நடுவில் இருக்கும் நெட்வொர்க்கும் சம்மதிக்க வேண்டும். கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த அந்தத் தெளிவை நாம் மாட்டிக்கொள்ளும் புளூடூத் சாதனம் கழித்துக் கட்டிவிடலாம் என்பதுதான் வேடிக்கை. கடையில் இயர்பட்ஸை மாட்டிவிட்டு ஒரு பாட்டைப் போடுவார்கள். கேட்டால் சொர்க்கம். ஆனால் பாட்டு போகிற வழி வேறு, பேச்சு போகிற வழி வேறு. மைக் திறந்த நொடியில் புளூடூத் இன்னொரு முறைக்குத் தாவும், ஒலியின் தரம் இறங்கும். அந்தப் பேச்சு வழியில் ஆரம்பத்தில் நொடிக்கு 8000 மாதிரிகள்தான் போயின. 2011-இல் வந்த மாற்றத்தால் அது 16000 ஆனது. மலிவுச் சரக்குகள் பலவற்றில் இன்னும் பழையதுதான் ஓடுகிறது. பாட்டுக் கேட்டுவிட்டு இயர்பட்ஸ் வாங்குவதில் அர்த்தமே இல்லை. கடையில் பாட்டைத் தவிர வேறு எதுவும் கேட்க விடுவதும் இல்லை.

பெட்டி மேல் ஏஎன்சி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். "வெளிச்சத்தம் சுத்தமா கட் ஆகும்மா" என்பார்கள். யாருக்குக் கட் ஆகும்? எனக்கு. என்னோடு பேசுகிறவருக்கு என் எக்ஸாஸ்ட் ஃபேன் அப்படியே கேட்டுக்கொண்டிருக்கும். அவர் காதைக் காப்பாற்றுவது ஈஎன்சி என்ற இன்னொரு சமாசாரம். விற்கிறவர்களே இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்கிறார்கள். எனக்கு என் அடுப்புச் சத்தம் கேட்டே ஆக வேண்டும். எண்ணெய் எப்போது அடங்குகிறது என்று காதால் கேட்டுத்தான் முறுக்கை எடுக்கிறேன். காதை அடைத்துக்கொண்டு பலகாரம் சுடுவது எப்படி என்று அந்தக் கம்பெனிக்காரர்களே வந்து காட்டட்டும்.

சரி, ஒயர் போட்ட பழைய ஹெட்செட்டே போதும் என்றால் அதற்கும் வழியில்லை. வாய்க்குப் பக்கத்தில் மைக் தொங்கும், சார்ஜ் தீராது, விலையும் நூறு இருநூறுதான். 2016-இல் ஐபோன் 7 ஹெட்செட் மாட்டும் உருண்டைத் துளையை எடுத்தது. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் எடுத்தார்கள். இப்போது சார்ஜ் போடும் துளையில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதில் இரண்டு சாதி. ஒன்று வெறும் ஒயரை மட்டும் திருப்பிவிடுவது. மற்றொன்று உள்ளே சில்லு வைத்து டிஜிட்டலைக் குரலாக மாற்றுவது. சில போனுக்கு முதலாவதே போதும், சில போனில் இரண்டாவதுதான் வேலை செய்யும். பார்வைக்கு இரண்டும் அச்சாக ஒன்றுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கேட்டேன். "ஒர்க் ஆகும் ஆன்ட்டி, ஆகலன்னா எடுத்துட்டு வாங்க" என்றார். குரோம்பேட்டையிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்து, ஒரு கட்டைவிரல் நீளத்து ஒயரை மாற்றிக்கொண்டு வருவதற்குள் ஒரு ஈடு முறுக்குக்கு மாவு பிசைந்திருப்பேன்.

இவ்வளவையும் தாண்டி ஒரு போனைக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். மணி அடிக்கிறது. கையில் மாவு. திரை என் விரலை மதிக்காது. எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் பட்ட தொடுதிரை, பச்சையை இழுத்தால் சிவப்புக்குப் போகும். ரேகை வைத்துத் திறக்கச் சொன்னால், அரிசிமாவு பூசிய விரலை யாரோ திருடியின் விரல் என்று முடிவு கட்டிவிடுகிறது. "வாயால சொல்லும்மா, அது செய்யும்" என்றான் பெங்களூரில் இருக்கும் என் மகன். கூகுள் அசிஸ்டென்ட் தமிழ் பேசும் என்பது உண்மைதான், நானும் பேசிப் பார்த்தேன். "நாலு மணிக்கு அலாரம் வை" என்றால் வைக்கிறது. குறை சொல்ல மாட்டேன். "செல்விக்குப் போன் பண்ணு" என்றேன். முதலில் போனைத் திற என்றது. கையால் தொடாமல் பேச வேண்டும் என்றுதானே உன்னைக் கூப்பிட்டேன்? அமைப்புகளுக்குள் எங்கோ புகுந்து ஓர் அனுமதி கொடுத்தால் திறக்காமலே செய்யுமாம். மகன் வந்தபோது செய்து கொடுத்தான். அடுத்த அப்டேட்டில் அது பழையபடி மாறிவிட்டது.

திறந்த பிறகும் செல்வி கிடைக்கவில்லை. என் போனில் செல்வி பூ, செல்வி ஆதம்பாக்கம், செல்வி அண்ணி, செல்வி ஓல்டு நம்பர் என்று நாலு செல்வி. எல்லாப் பெயரும் இங்கிலீஷ் எழுத்தில். ஏனென்றால் மகன் அடித்துக் கொடுத்தது. நான் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொண்டு அந்த இங்கிலீஷ் பட்டியலில் தேடுகிறது, பாவம். "கேஸ் குமாருக்குப் போன் பண்ணு" என்றதற்கு ஏதோ கோர்ட் கேஸைப் பற்றிய செய்திகளைத் திறந்து வைத்தது. அந்த நேரத்துக்குள் வெல்லப்பாகு உருட்டுப் பதம் தாண்டிக் கெட்டியாகிவிட்டது. அதிரசத்துக்குப் பாகு கை மீறினால் மாவு முழுவதும் கல். அந்த வெல்லத்துக்கு யார் காசு கொடுப்பது?

தானாகவே எடுக்கும் வசதியும் சில போனில் இருக்கிறது. ஹெட்செட் மாட்டியிருந்தால் இரண்டு நொடியில் போன் தானே பேச ஆரம்பிக்கும். அருமை என்று போட்டேன். வந்த முதல் போன் பர்சனல் லோன். இரண்டாவது வீட்டு மனை. மூன்றாவது கிரெடிட் கார்டு. 1909-க்குச் சொல்லி விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிந்து வைத்திருக்கிறேன். சொந்த நம்பரிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு அதெல்லாம் பொருட்டா? துண்டிக்கவும் கை வேண்டும். மாவுக்கையோடு நின்றுகொண்டு வண்டலூருக்கு அப்பால் இருக்கும் மனைப்பிரிவின் சாலை அகலத்தை முழுதாகக் கேட்டேன்.

எங்கள் வீட்டில் டெலிவரி கொண்டுபோகும் பையன் இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்று போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொள்கிறான். ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று பாருங்கள், பாதிப்பேர் காதோரம் போன் செருகித்தான் போகிறார்கள். பெண்கள் துப்பட்டாவால் தலையைச் சுற்றி அதற்குள் சொருகுகிறார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசினால் 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையும் போடலாம். இவன் கையில் பிடிக்கவில்லையே என்று வாதாடுகிறான். நான் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசடா என்று தினம் கத்துகிறேன். ஆனால் ஒன்று, எதிராளிக்கு அவன் குரல் என் குரலைவிடத் தெளிவாகக் கேட்கிறதாம். அதில் எனக்குத் தனியாக ஒரு வயிற்றெரிச்சல்.

பேசுவது இந்த லட்சணம் என்றால் குறித்து வைப்பது அதைவிட மோசம். இதில் நான் நோக்கியா 1100-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. 2003-இல் வந்தது. டார்ச் லைட் வைத்த அதே போன்தான். பொத்தான்கள் மேல் ஒரே ரப்பர் உறை, தூசி உள்ளே போகாது. மாவுக்கையால் அழுத்தினாலும் அழுத்தியது அழுத்தியதுதான், துடைத்தால் போயிற்று. நினைவூட்டல் போட்டு வைத்தால் வீடே எழும்பும்படி அடிக்கும். போனை அணைத்து வைத்திருந்தாலும் அலாரம் மட்டும் எழுந்து அடிக்கும். என் போன் இன்று பெட்டி பெட்டியாய் மூளை வைத்திருக்கிறது. நாள்காட்டியில் எழுதி வைத்தால் நேரம் வந்ததும் ஒரே ஒரு 'டிங்'. அவ்வளவுதான். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூவுக்கும் அதே டிங். எண்ணெய் கொதிக்கும் அடுக்களையில் ஒரு டிங் யார் காதில் விழும்? அலாரம் என்றால் நிறுத்தும்வரை கத்தும், ஆனால் பல போன்களில் அலாரத்துக்குக் கிழமைதான் தெரியும், அடுத்த மாதத் தேதி தெரியாது. கத்தத் தெரிந்ததற்குத் தேதி தெரியவில்லை, தேதி தெரிந்ததற்குக் கத்தத் தெரியவில்லை.

நினைவூட்டலுக்கென்று தனி ஆப் போட்டேன். சில நாள் அடித்தது, பிறகு மௌனம். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் தானாகவே அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது. நாம் கொஞ்ச நாள் திறந்து பார்க்காத ஆப்பையெல்லாம் பின்னணியில் கொன்றுவிடும் பழக்கம் பல கம்பெனிப் போன்களில் உண்டு. நினைவூட்டும் ஆப்பை நான் எதற்குத் தினம் திறந்து பார்க்க வேண்டும்? எனக்கு ஞாபகம் இருக்காது என்றுதானே அதை வைத்திருக்கிறேன்? ஆண்ட்ராய்டு 13-லிருந்து ஒவ்வோர் ஆப்பும் அறிவிப்புக் காட்டவே தனியாக அனுமதி கேட்கிறது. 14-இல் புதிதாகப் போடும் ஆப் சரியான நிமிடத்துக்கு அடிப்பதற்கும் பலவற்றில் நாமே தேடிப்போய் அனுமதி கொடுக்க வேண்டும். தொல்லை தரும் ஆப்களை அடக்கத்தான் இதெல்லாம், புரிகிறது. அடங்கியது என் அதிரச மாவு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் அரைத்து, பாகில் கலந்து, இரண்டு மூன்று நாளாவது ஊற வேண்டும். வியாழக்கிழமைக் கல்யாணத்துக்குச் சனி, ஞாயிறிலேயே அரிசி நனைய வேண்டும். அந்த ஒரு டிங் தவறினால் கடையில் மாவு வாங்கத்தான் ஓட வேண்டும். அப்படி வாங்கிச் செய்யும் ஜாதி நானில்லை.

இன்னொன்று. எனக்கு ஆர்டர் கொடுக்கும் பெரியவர்கள் யாரும் தேதி சொல்வதில்லை. "ஆவணி கடைசி முகூர்த்தம்மா", "தை பொறந்து வர்ற ரெண்டாவது வளர்பிறை முகூர்த்தம்" என்பார்கள். போனோடு வந்த காலண்டரில் ஆவணியும் இல்லை, வளர்பிறையும் இல்லை. தமிழ்க் காலண்டர் ஆப்களில் எல்லாம் இருக்கிறது. முகூர்த்தம், ராகுகாலம், எமகண்டம், பல்லி விழும் பலன்கூட இருக்கிறது. முகூர்த்த நாளைத் தொட்டால் திரை முழுக்க விளம்பரம் வரும். அதை மூடும் பெருக்கல் குறி எறும்புக் கண் அளவு. இவ்வளவும் தாண்டி நான் பார்த்த எதிலும் அந்த நாளில் 'அதிரசம் 121' என்று எழுதி, நாலு நாள் முன்னால் எழுப்பு என்று சொல்ல இடமில்லை. சிவகாசியில் அச்சடித்த நாள்காட்டி சுவரில் தொங்குகிறது. பென்சிலால் எழுதினால் எழுதிக்கொள்கிறது, அனுமதி கேட்பதில்லை. கத்தத்தான் தெரியாது.

அரசாங்கத்துக்கு அக்கறை இல்லையென்றும் சொல்ல முடியாது. போன் நம் உடம்புக்குள் எவ்வளவு கதிர்வீச்சை இறக்கலாம் என்பதற்கு 2012 செப்டம்பர் முதல் கிலோவுக்கு 1.6 வாட் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். *#07# என்று அழுத்தினால் உங்கள் போனின் கணக்கு திரையில் வரும், அழுத்திப் பாருங்கள். என் தலைக்குள் எவ்வளவு போகிறது என்று எண்ணில் சொல்ல முடிகிறது. என் காதுக்குள் எவ்வளவு தெளிவாகப் போகிறது என்று பெட்டி மேல் ஒரு வரி அச்சடிக்க முடியாதா? மைக் எத்தனை, ஸ்பீக்கரில் இருவரும் சேர்ந்து பேசலாமா, ஒயர் ஹெட்செட் மாட்ட எந்தக் கன்வெர்ட்டர் வேண்டும், போட்ட நினைவூட்டல் கட்டாயம் அடிக்குமா? அது பெரிய வேலை என்றால், மாதிரி போன் ஒன்றிலாவது ஒரு சிம் போட்டு வையுங்கள். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் வைத்திருந்த காலத்தில்கூட ஒரு ஹலோ சொல்ல முடிந்தது.

கடைசியில் அந்தப் பையன் காட்டியதையே வாங்கினேன். பவுச்சும் டெம்பர் கிளாஸும் இலவசம். ஒரு வாரம் கழித்து, கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, முழங்கையால் தள்ளி ஒருவாறு எடுத்தேன். வாங்கிய கடையிலிருந்துதான், பதிவு செய்த குரல். "எங்கள் சேவையில் திருப்தி என்றால் 1-ஐ அழுத்தவும், திருப்தி இல்லையென்றால் 2-ஐ அழுத்தவும்." வாயால் இரண்டு இரண்டு என்று கத்தினேன், அதற்குக் காது இல்லை. விடக்கூடாது என்று குனிந்து மூக்கால் 2-ஐ அழுத்தினேன். பக்கத்துப் பொத்தானில் பட்டிருக்கிறது. "1-ஐத் தேர்வு செய்தமைக்கு நன்றி" என்றது குரல்.